திரும்பி வந்த காரும் திரும்பாத காரீயமும்



காலையில் காலேஜுக்குக் கிளம்பும்போது வண்டியில் என்ன பண்றீங்க? சாவியைத் திருகி, செல்ஃப் பட்டனை அமுக்குறீங்க. வண்டி ஸ்டார்ட் ஆகிடும். கிக்கர் உதைக்கிற வேலை பேட்டரி வீக்கான அன்னிக்கு மட்டும்தான். கார்லயும் அதே கதைதான். இந்த ஒரு பட்டனை காருக்குக் கொண்டுவந்தவர் சார்லஸ் கெட்டரிங் என்கிற அமெரிக்க இன்ஜினியர். 186 பேட்டன்ட்டுகளுக்குச் சொந்தக்காரர். மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், ஆட்டோமொபைல்னு எந்த டிபார்ட்மென்ட்காரங்களும் எங்க ஆளுன்னு உரிமை கொண்டாடக்கூடிய மனிதர்.

அவர் வாழ்க்கையில் அதிகம் பேசப்படாத ஒரு கதை இருக்கு. அவர் ஆசை ஆசையாக உருவாக்கிய ஒரு கார் 1923-ல் ஷோரூமுக்கு வந்தது. வாங்கியவர்கள் புகார் மேல் புகார் சொன்னார்கள். ஒரு வண்டி விடாமல் எல்லாத்தையும் கம்பெனியே திரும்ப அழைத்துக்கொண்டது. இன்னிக்கு நாம ரீகால்னு சொல்றோமே, அதேதான்.

நம்ம வீட்டில் யாராவது புது கார் வாங்கி, ஆறு மாசத்துல கம்பெனிகிட்டருந்து ரீகால் மெசேஜ் வந்தா என்ன ஆகும்? வீடே பதறும். அப்பவே சொன்னேன், அந்த கம்பெனி வண்டி வேணாம்னு ஒரு மாமா கிளம்பி வருவார். ரீகால்னாலே அவமானம், தோல்வின்னு நம்ம மனசுல பதிஞ்சு போச்சு. கெட்டரிங்கும் அப்படித்தான் நினைத்தார். ஆனால் அவர் வாழ்க்கையை முழுசாகப் படித்தால் கணக்கு வேற மாதிரி வருது. வாங்க, ஆரம்பத்துலருந்து பார்ப்போம்.

கண் படுத்திய பாடு

1876 ஆகஸ்ட் 29 அன்று, ஓஹாயோ மாகாணத்தில் லவுடன்வில் என்ற ஊர்ப்பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் கெட்டரிங். சின்ன வயசிலிருந்தே கண் பார்வை மோசம். கொஞ்ச நேரம் படித்தாலே தலைவலி வந்துவிடும். பள்ளிப்படிப்பை முடித்துக் கொஞ்ச காலம் வாத்தியாராக இருந்தார். அப்புறம் ஓஹாயோ ஸ்டேட் யுனிவர்சிட்டியில் இன்ஜினியரிங் சேர்ந்தார். கண் ஒத்துழைக்கவில்லை. படிப்பை நடுவில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்.

சும்மா உட்காரவில்லை. டெலிபோன் கம்பி இழுக்கிற கூலியாட்களோடு சேர்ந்து, கம்பம் நடக் குழி வெட்டப் போனார். சீக்கிரமே அந்த கேங்குக்கே மேஸ்திரி ஆனார். வெளிக்காத்துல வேலை செய்ததில் கண்ணும் கொஞ்சம் தேறியது. மறுபடியும் காலேஜுக்குப் போனார். கூடப் படித்தவர்கள் பாடங்களைச் சத்தமாகப் படித்துக் காட்ட, காதால் கேட்டே பாடம் படித்து, 1904-ல் எலக்ட்ரிக்கல் இன்ஜினியராக வெளியே வந்தார். அப்போது வயசு 27. ஒரு இயர் பேக் விழுந்ததுக்கே வாழ்க்கை முடிஞ்சுதுன்னு உட்கார்ந்திருக்கிற நண்பர்கள் இந்தப் பாராவை இன்னொரு தடவை படிங்க.

கல்லாப்பெட்டி சொல்லிக்கொடுத்த பாடம்

டேட்டன் நகரத்தில் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனியில் வேலை கிடைத்தது. கடைகளில் கல்லாவில் வைக்கிற மெஷின் செய்கிற கம்பெனி. அந்தக் காலத்து மெஷினில் கைப்பிடியைச் சுற்றினால்தான் கணக்கு ஏறும். அதற்கு ஒரு மோட்டார் வைக்கிற வேலை கெட்டரிங்கிடம் வந்தது.

இங்கேதான் அவர் மூளை வேலை செய்தது. மோட்டார் என்றாலே நாள் முழுக்க ஓடணும், சூடாகக் கூடாது என்று பார்த்து டிசைன் பண்ணுவது வழக்கம். அப்படிப் பண்ணினால் மோட்டார் பெருசாகிவிடும். ஆனால் கல்லாப்பெட்டிக்கு ஒரு விநாடி ஓடினால் போதுமே! கொஞ்ச நேரம் மட்டும் ஓடுகிற மோட்டாரை அதன் சக்திக்கு மேலேயே வேலை வாங்கலாம். சூடேறுவதற்குள் அது நின்றுவிடும். சின்ன மோட்டார், பெரிய டார்க்.

இதே யோசனைதான் காருக்கும் போனது. அப்போது கார்களை முன்பக்கம் ஒரு ஹேண்டிலை விட்டுச் சுற்றித்தான் ஸ்டார்ட் பண்ணுவார்கள். பழைய படங்களில் லாரிக்கு அப்படிப் பண்றதைப் பார்த்திருப்பீங்க. இன்ஜின் திருப்பி அடித்தால் கை உடையும், தாடை பெயரும். காடிலாக் கம்பெனியை நடத்திய ஹென்ரி லீலண்ட் இதற்கு ஒரு முடிவு கட்ட நினைத்தார். கெட்டரிங் அதற்குள் தன் பழைய கம்பெனி நண்பர் எட்வர்ட் டீட்ஸுடன் சேர்ந்து டெல்கோ என்ற கம்பெனியை ஆரம்பித்திருந்தார். டீட்ஸ் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகைதான் பட்டறை. பெரிய மோட்டார் இல்லாமல் இன்ஜினைச் சுற்ற முடியாது என்று எல்லாரும் நம்பியிருந்த இடத்தில், கல்லாப்பெட்டிக் கணக்கைப் போட்டார் கெட்டரிங். சில விநாடிகள் முழு மூச்சாக இழுக்கும் மோட்டார். வண்டி ஓட ஆரம்பித்ததும் அதே மெஷின் ஜெனரேட்டராக மாறி பேட்டரியை சார்ஜ் பண்ணும். 1912 மாடல் காடிலாக்கில் இது வந்தது. கை பலம் உள்ளவர்கள் மட்டுமே காரோட்டலாம் என்ற நிலைமை அதோடு மாறத் தொடங்கியது.

டெல்கோ 1916-ல் கைமாறி, 1918-ல் ஜெனரல் மோட்டார்ஸ் வசம் வந்தது. 1920-ல் ஜி.எம். தனக்கென்று ஒரு ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியபோது அதற்குத் தலைவராக கெட்டரிங்கையே உட்கார வைத்தார்கள். டேட்டனில் லேப். கையில் பணம், ஆட்கள், பெயர், எல்லாம் இருந்தது.

தண்ணி வேண்டாத இன்ஜின்

அந்த லேபில் அவர் தூக்கிப் பிடித்த பெரிய புராஜெக்ட் காற்றால் குளிரும் கார் இன்ஜின். தண்ணீரில் குளிரும் இன்ஜினுக்கு ரேடியேட்டர் வேணும், ஹோஸ் வேணும், எடை கூடும். ஓஹாயோ மாதிரி ஊரில் பனிக்காலத்தில் அந்தத் தண்ணி உறைந்தால் இன்ஜினே வெடித்துவிடும். காற்றே போதும் என்றால் அத்தனை தொல்லையும் மிச்சம்.

நம்ம பார்க்கிங்கில் நிற்கிற ஏர்கூல்டு பைக்கைப் பாருங்க. சிலிண்டரைச் சுற்றி வரிவரியாகத் தகடு இருக்கும். ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பரில் நம்மை அழவிடும் ஃபின் அதுதான். கெட்டரிங்கின் யோசனை, ஃபின்னை இரும்பில் வார்க்காமல் செம்பில் செய்வது. செம்பு வார்ப்பிரும்பை விட ஏழெட்டு மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும். ஆனால் ஒரு சிக்கல்: சூடானால் செம்பு இரும்பை விட ஒன்றரை மடங்கு அதிகமாக விரியும். ரெண்டையும் எப்படி விடாமல் ஒட்டுவது? செம்புத் தகட்டை வளைத்து வளைத்து மடித்து, சிலிண்டரைச் சுற்றி வைத்து, உலையில் பிரேசிங் பண்ணி ஒட்ட வைத்தார். இன்ஜினில் பெல்ட் போட்டு ஓடும் ஒரு ஃபேன் காற்றை இழுத்து அந்தத் தகடுகளுக்கு நடுவே ஓடவிடும். காப்பர்-கூல்டு என்று பெயர் வைத்தார்கள்.

அப்போது ஜி.எம். நிலைமை சரியில்லை. ஃபோர்டின் மாடல் டி அமெரிக்க மார்க்கெட்டில் பாதியைப் பிடித்து வைத்திருந்தது. செவர்லே நஷ்டத்தில் ஓடியது. ஜி.எம். தலைவராக இருந்த பியர் டு பாண்ட், இந்த இன்ஜின்தான் ஃபோர்டை அடிக்கும் ஆயுதம் என்று நம்பினார். செவர்லேவுக்கு நாலு சிலிண்டர், ஓக்லண்ட் என்ற இன்னொரு பிராண்டுக்கு ஆறு சிலிண்டர், பழைய தண்ணி இன்ஜின்களை நிறுத்திவிடலாம் என்கிற அளவுக்குத் திட்டம் போனது.

1921 கடைசியில் சோதனைக் கார் ஓக்லண்ட் இன்ஜினியர்கள் கைக்குப் போனது. அவர்கள் ஓட்டிப் பார்த்துவிட்டு, இது இன்னும் விற்கிற நிலைமைக்கு வரவில்லை என்றார்கள். கெட்டரிங் நொறுங்கிப் போனார். மேலிடம் அவரைச் சமாதானப்படுத்த, உங்கள்மேல் எங்களுக்கு முழு நம்பிக்கை இருக்கிறது என்கிற பொருளில் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியது. நல்ல மனசுதான். ஆனா கவனிச்சீங்களா? டெஸ்ட் ரிப்போர்ட்டுக்கு வந்த பதில் இன்னொரு டெஸ்ட் இல்லை, ஆறுதல் கடிதம்!

லேபில் கெட்டரிங் ஆட்கள் ஓட்டும்போது கார் நன்றாக ஓடியது. டிவிஷன் இன்ஜினியர்கள் கையில் படுத்தது. டிசைனில் கோளாறா, அவர்கள் சரியாகச் செய்யவில்லையா என்று ரெண்டு பக்கமும் வருஷக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். டிசைன் லேபோடது, தயாரிப்பும் விற்பனையும் டிவிஷனோடது. வண்டி ரோட்டில் நின்றால் யார் பொறுப்பு? அதைக் கடைசி வரை யாரும் முடிவு பண்ணவில்லை. ஃபைனல் இயர் புராஜெக்டில் டெமோ அன்னிக்கு மட்டும் ஓடாத மாடலை நினைச்சுக்கோங்க. ஒருத்தர் வயரிங்னு சொல்வார், இன்னொருத்தர் கோடுன்னு சொல்வார். அதே சண்டைதான், கோடிக்கணக்கான டாலரில்.

759 கார்கள்

1923 ஜனவரியில் நியூயார்க் ஆட்டோ ஷோவில் செவர்லே காப்பர்-கூல்டு காரைக் காட்டினார்கள். கூட்டம் மொய்த்தது. ரேடியேட்டரே இல்லாத காரா என்று எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். உற்பத்தி ஆரம்பித்தது.

பனிக்காலம் முடிந்து வெயில் வர வர, வண்டிகளின் சுயரூபம் தெரிந்தது. இன்ஜின் சூடானதும் இழுவை குறைந்தது. சிலிண்டர் உள்ளே இருக்கும் சூட்டிலேயே ஸ்பார்க்குக்கு முன்னாடி பெட்ரோல் பற்றிக்கொண்டது. ஃபேன் பெல்ட் தொல்லை கொடுத்தது. காற்றை மட்டுமே நம்பியிருக்கும் இன்ஜினில் பெல்ட் நழுவினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சிலிண்டர் தேய்மானம், கிளட்ச் கோளாறு, கார்புரேட்டர் கோளாறு, ஆக்சில் உடைவது, இரைச்சல் என்று புகார்ப் பட்டியல் நீண்டது. இதில் பல விஷயங்களுக்கும் செம்புத் தகட்டுக்கும் சம்பந்தமே இல்லை. அவசரத்தில் வெளியே வந்த புது வண்டிக்கு வரும் வியாதிகள் அவை. ஆனால் காசு கொடுத்து வாங்கினவருக்கு எந்த பார்ட் என்பதா கவலை? வண்டி வீடு போய்ச் சேரலை, அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்க. மொத்தம் கட்டியது 759 கார். அதில் 239 கார்களைத் தயாரிப்புப் பிரிவே வேண்டாம் என்று உடைத்துப்போட்டது. மீதி ஐந்நூற்றுச் சொச்சம் விற்பனைப் பிரிவுக்குப் போனது. சுமார் 150 வண்டிகளைக் கம்பெனி ஆட்களே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 300-க்கும் மேற்பட்டவை டீலர்களிடம் போயின. அவற்றிலிருந்து பொதுமக்கள் கையில் போய்ச் சேர்ந்தவை ஏறத்தாழ நூறுதான்.

1923 மே மாதம் ஆல்ஃபிரட் ஸ்லோன் ஜி.எம். தலைவரானார். ஜூன் மாதம் செவர்லே முடிவெடுத்தது: வெளியே போன எல்லா காப்பர்-கூல்டு கார்களும் திரும்ப வரணும். ரிப்பேர் பண்ணித் தருகிறோம் என்று இழுக்கவில்லை. கட்டாயப்படுத்த எந்தச் சட்டமும் அப்போது கிடையாது; கார் ரீகாலுக்கு அமெரிக்காவில் சட்டம் வந்ததே 1966-ல்தான். அந்த வருஷம் பழைய தண்ணி இன்ஜின் செவர்லே நாலு லட்சத்துக்கும் மேல் விற்றது. அதை நிறுத்தாமல் வைத்திருந்ததுதான் கம்பெனியைக் காப்பாற்றியது.

ராஜினாமா

1923 ஜூன் 30 அன்று கெட்டரிங் ஸ்லோனுக்கு ராஜினாமாக் கடிதம் எழுதினார். இன்ஜினின் அடிப்படையில் கோளாறு இல்லை, டிவிஷன்காரர்கள் மனசு வைக்கவில்லை என்பதுதான் அவர் எண்ணம். ஸ்லோன் அவரை விடவில்லை. டேட்டனில் தனியாக ஒரு அமைப்பு வைத்து, உங்கள் பொறுப்பிலேயே அந்தக் காரைச் செய்து, நீங்களே விற்றும் பாருங்கள் என்று ஒரு வழி சொன்னார். இதில் ஒரு நியாயம் இருக்கு: டிசைன் பண்றவரே புகாரையும் கேட்கணும். கெட்டரிங் தங்கினார். ஆனால் அந்தக் கார் மறுபடி ரோட்டுக்கு வரவேயில்லை.

இந்த அடிக்குப் பிறகு ஜி.எம். தன் வேலை முறையையே மாற்றியது. அதே வருஷம் டிவிஷன் இன்ஜினியர்களும் ஆராய்ச்சிக்காரர்களும் ஒன்றாக உட்காரும் டெக்னிக்கல் கமிட்டி வந்தது. 1924-ல் மிச்சிகனில் மில்ஃபோர்ட் என்ற இடத்தில் வண்டிகளை ஓட்டிப் பார்க்கத் தனிச் சோதனைத் தடம் திறந்தார்கள். இன்னிக்கும் அது ஓடுது.

நூறு பேருக்கு விற்ற காரைத் திரும்ப வாங்கினார்கள். யார் வாங்கினார் என்று டீலர் புத்தகத்தில் இருந்தது. வண்டி எங்கே நிற்கிறது என்று தெரியும். புகார் சொல்ல ஆள் இருந்தார், கேட்க ஆள் இருந்தார், திரும்ப எடுக்க ஒரு பொருள் இருந்தது. கெட்டரிங் வாழ்க்கையின் பெரிய தோல்வி என்று இதைத்தான் சொல்வார்கள். ஆனால் அதே லேபிலிருந்து, அதே வருஷம் இன்னொரு பொருள் வெளியே போனது. அதை யாரும் தோல்வி என்று சொல்லவில்லை.

முகவரி இல்லாத புகார்

கம்ப்ரெஷன் ரேஷியோவைக் கூட்டினால் இன்ஜின் திறமை கூடும்னு தெர்மோடைனமிக்ஸில் படிச்சிருப்பீங்க. கூடவே நாக்கிங்கும் வரும். மெக்கானிக் இன்ஜின் அடிக்குதுன்னு சொல்வாரே, அதுதான். இதற்குத் தன்னுடைய பேட்டரி இக்னிஷன்தான் காரணம் என்று பலர் பழி சொன்னதால், உண்மையான காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லி தாமஸ் மிட்ஜ்லி என்ற இளம் இன்ஜினியரை முடுக்கிவிட்டிருந்தார் கெட்டரிங். கோளாறு பெட்ரோலில் என்று தெரிந்தது. என்னென்னவோ கலந்து பார்த்தார்கள். 1921 டிசம்பர் 9 அன்று டெட்ராஎத்தில் லெட் என்ற காரீயச் சேர்மத்தைக் கலந்தார்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு போட்டாலே நாக்கிங் நின்றுவிட்டது.

எத்தனால் கலந்தாலும் நாக்கிங் குறையும் என்பது அந்த லேபுக்குத் தெரியும். இன்னிக்கு நம்ம பங்க்ல போடுற இ-20 பெட்ரோல்ல இருக்கிறதே அதே எத்தனால்தான். ஆனால் எத்தனால் நிறையச் சேர்க்க வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் காய்ச்சலாம். காரீயச் சேர்மம் துளி போதும், அதற்கு பேட்டன்டும் எடுக்கலாம். 1923 பிப்ரவரியில், டேட்டனில் ஒரு பெட்ரோல் பங்கில் விற்பனை தொடங்கியது. காப்பர்-கூல்டு கார் நியூயார்க்கில் கைதட்டல் வாங்கிய அடுத்த மாதம்! பிராண்டுக்கு எத்தில் என்று பெயர். காரீயம் என்ற வார்த்தையே அதில் இல்லை. 1924-ல் இதற்கென்று ஆரம்பித்த கம்பெனிக்கு முதல் தலைவரும் கெட்டரிங்தான்.

காரீயம் விஷம் என்பது அப்போது புதுச் செய்தி இல்லை. மிட்ஜ்லியே காரீயம் உடம்பில் ஏறி ஓய்வெடுக்கப் போனார். பொது சுகாதார நிபுணர்கள் எச்சரித்தார்கள். 1924 அக்டோபரில் நியூஜெர்சியின் பேவே சுத்திகரிப்பு ஆலையில் இந்தச் சேர்மத்தைத் தயாரித்த தொழிலாளர்களில் ஐந்து பேர் புத்தி பேதலித்து இறந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். 1925-ல் விற்பனை நிறுத்தப்பட்டது. அரசு ஒரு நிபுணர் குழு போட்டது. தடை செய்யப் போதுமான காரணம் இப்போதைக்கு இல்லை, ஆனால் தொடர்ந்து ஆராய வேண்டும் என்று குழு சொன்னது. முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு 1926-ல் விற்பனை மறுபடி தொடங்கியது. இரண்டாவது பாதி பல பத்தாண்டுகள் தூங்கியது.

யோசிச்சுப் பாருங்க. கார் இழுக்கலைன்னா ஓனருக்குத் தெரியும். ரோட்டோரம் விளையாடுற குழந்தையோட ரத்தத்துல காரீயம் ஏறினா யாருக்குத் தெரியும்? அந்தக் குழந்தை கார் வாங்கவில்லை. அதனிடம் பில் இல்லை, வாரன்ட்டி இல்லை, போய்க் கேட்க டீலர் இல்லை. படிப்பில் மந்தம் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் மட்டும் மிஞ்சும். பெட்ரோல் வாங்கியவருக்கோ வண்டி அருமையாக ஓடியது. சொல்லப்போனால், ஓனர் புகாரே வராத பொருள் அது.

அமெரிக்காவில் அதை முதலில் வெளியே தள்ளியதிலும் ஒரு வேடிக்கை. 1975 மாடல் கார்களில் கேட்டலிடிக் கன்வர்ட்டர் வந்தது. காரீயம் பட்டால் கன்வர்ட்டர் கெட்டுவிடும். ஆகவே காரீயமில்லாத பெட்ரோலை பங்குகளில் வைத்தாக வேண்டும் என்று உத்தரவு வந்தது. குழந்தைக்கு ஆகாது என்றபோது நகராதது, காரின் ஒரு பாகத்துக்கு ஆகாது என்றதும் நகர்ந்தது. நம் நாட்டில் 1995-ல் சென்னை உட்பட நாலு பெருநகரங்களில் காரீயமில்லாத பெட்ரோல் விற்க ஆரம்பித்து, 2000-ல் நாடு முழுக்க மாறினோம். கடைசி நாடான அல்ஜீரியா நிறுத்தியது 2021-ல். டேட்டன் பங்கிலிருந்து அங்கே வர 98 வருஷம்!

அப்புறம் கெட்டரிங்

கெட்டரிங்கை வில்லன் ஆக்குவது சுலபம். ஆனால் அது உண்மையாகாது. ரயிலுக்கு டீசல் இன்ஜின் வருவதற்கு 1930-களில் அவர் உழைத்த உழைப்பு பெரியது. ரயில்பாதையில் நீராவியின் காலம் முடிந்ததில் அவருக்குப் பங்கு உண்டு. 1945-ல் ஸ்லோனோடு சேர்ந்து நியூயார்க்கில் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றை அமைத்தார். ஸ்லோன் கெட்டரிங் என்ற பெயரில் இன்னிக்கும் அது உலகப் புகழ் பெற்றது. அடுத்த வருஷமே அவர் மனைவி ஆலிவ் புற்றுநோயில் இறந்தார். 1947-ல் ஓய்வு பெற்று, 1958 நவம்பரில் டேட்டனில் 82 வயதில் காலமானார். அவர் பெயரில் ஒரு பல்கலைக்கழகமே இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டிக்கு விஷமில்லாத வாயு வேண்டும் என்று அவர் குழு 1928-ல் கண்டுபிடித்த ஃப்ரியான் ஓசோன் படலத்தைத் தின்றதும், 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் அதைக் கட்டுப்படுத்தியதும் அவர் போன பிறகு நடந்தவை. அதுவும் வாங்கினவர் யாரும் புகார் சொல்லாத பொருள்தான்.

நமக்கு என்ன?

நம்மில் பலர் நாளைக்கு ஒரு பார்ட் டிசைன் பண்ணுவோம், இல்லைன்னா அதை டெஸ்ட் பண்ணுவோம். ரீகால் என்ற வார்த்தையை அங்கே கேட்கத்தான் போறோம். அதனால் சட்டத்தையும் கொஞ்சம் தெரிஞ்சு வச்சுக்கலாம். இந்தியாவில் 2012-லிருந்து வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாமின் வழிமுறைப்படி கம்பெனிகள் தாங்களாக முன்வந்து ரீகால் செய்தன. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, 110ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 2021 ஏப்ரலிலிருந்து அது விதிமுறைகளோடு நடைமுறையில் இருக்கு. ஒரே மாடலில் குறிப்பிட்ட சதவீத ஓனர்கள் ஒரே கோளாறைப் புகார் செய்தால், திரும்ப அழைக்கச் சொல்லி அரசே உத்தரவு போடலாம். அதாவது, எனக்கு மட்டும்தான் இப்படின்னு வாயை மூடிக்கிட்டு சர்வீஸ் சென்டரோடு சமாதானமாகப் போற ஒவ்வொரு ஓனரும் அந்தச் சதவீதத்தைக் குறைக்கிறார். வீட்டில் புது வண்டி இருந்தால், சேஸிஸ் நம்பரைக் கம்பெனி வெப்சைட்டில் போட்டு ரீகால் இருக்கான்னு பாருங்க. இருந்தால் கொண்டுபோய் இலவசமாக மாத்திட்டு வாங்க.

அந்தப் பிரிவில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஓட்டுபவருக்கும் பயணிக்கும் ஆபத்து என்றால் மட்டும் இல்லை. ரோட்டில் போகும் மற்றவர்களுக்கோ சுற்றுச்சூழலுக்கோ தீங்கு என்றாலும் திரும்ப அழைக்கலாம் என்று அதில் இருக்கிறது. பில் இல்லாதவரின் புகாருக்கும் சட்டத்தில் ஒரு வரி கிடைத்திருக்கிறது.

அந்தக் காப்பர்-கூல்டு கார்களில் ரெண்டு இப்போதும் இருக்கின்றன. ஒன்று மிச்சிகனில் ஹென்ரி ஃபோர்ட் மியூசியத்தில், இன்னொன்று நெவாடாவில் ரீனோ நகரத்து ஆட்டோமொபைல் மியூசியத்தில். அங்கே போனால் பக்கத்திலேயே நின்று பார்க்கலாம். அதே வருஷம் டேட்டன் பங்கிலிருந்து கிளம்பியதைப் பார்க்க எந்த மியூசியத்துக்கும் போக வேண்டாம். பழைய நகரங்களின் ரோட்டோர மண்ணில் அது இன்னும் இருக்கிறது.